செப்டிக் டேங்க் பராமரிப்பு: ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருவள்ளூர் மாவட்டம் ஆரணியில் புதிதாக வீடு கட்டுகிறவர் டைல்ஸ் கடைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போவார். செப்டிக் டேங்க்கை மட்டும் மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிடுவார். மூடி போட்டு, விளிம்பில் சிமென்ட் பூசி, அதன்மேல் பைக்கையும் நிறுத்தத் தொடங்கிவிட்டால் கீழே அப்படி ஒரு தொட்டி இருப்பதே மறந்துபோகும். கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும் காலையில்தான் அதன் நினைவு வரும். ஆபத்தெல்லாம் அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவுகளில்தான் இருக்கிறது. கைக்குக் கிடைத்த லாரியைக் கூப்பிடுகிறோம். அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்பதில்லை. அடியில் இறுகிய கசடு குழாயில் ஏறவில்லை என்றால், 'ஒரு ஆளை இறக்கிவிட்டால் போதும்' என்று யாரோ சொல்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம்.

இந்தப் பகுதிக்கு இது ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது ஆரணியாறு. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மண்ணுக்கடியில் நல்ல நீர் இருப்பதை 1960களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு ஆராய்ந்து கண்டறிந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் அப்படி வந்தவைதான். சென்னையின் தாகத்தையும் தீர்த்த மண் இது. இங்கே ஒரு லாரி கழிவை இரவில் ஓடையில் திறந்துவிட்டால், அது நம் போர்வெல்லுக்கும் வரும், பழவேற்காட்டு இறால்பிடிப்பவரின் வலைக்கும் போகும்.

கப்பல்களுக்குக்கூடக் கழிவைக் கொட்டுவதில் கட்டுப்பாடு உண்டு. கப்பல் கழிவுநீர் பற்றிய சர்வதேச விதிகள் 2003 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி ஒரு பெரிய கப்பல், சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்குள், கடலில் விடக்கூடாது. அதற்கு அப்பால் விடும்போதும் கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மொத்தமாகத் திறந்துவிடாமல், சேமித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரும் கப்பல்களுக்கு நடுக்கடலில் இவ்வளவு கட்டுப்பாடு என்றால், கோடையில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட ஓடாத ஆரணியாற்றுக்கு நாம் எவ்வளவு கவனம் காட்ட வேண்டும்!

முதலில் தொட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். உள்ளே வரும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானவை அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் இருக்கும் தெளிந்த நீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கசடைச் செரித்துக் குறைக்கின்றன. ஆனால் முழுவதும் கரைத்துவிடுவதில்லை. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். அது பாதித் தொட்டியைத் தாண்டினால் நடுவில் இருக்கும் நீருக்கு இடமில்லாமல் போய், கசடே உறிஞ்சுகுழிக்குள் புகுந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். தொட்டியை லாரி வைத்துக் காலிசெய்துவிடலாம். அடைபட்ட மண்ணை அப்படிச் சரிசெய்ய முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை அறை, மூடி எந்த இடத்தில் என்பதை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கட்டிய மேஸ்திரி ஊரை விட்டுப் போன பிறகு தரையை உடைத்துத் தேடும் வீடுகள் நிறைய.

2. இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிடுங்கள். அடைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முறையாக எடுக்கும் தொட்டியில் கசடு இளகலாக இருக்கும், குழாயிலேயே ஏறிவிடும். பத்து ஆண்டு விட்ட தொட்டியில்தான் அது அடியில் களிமண்ணாக இறுகும். ஆளை இறக்கும் பேச்சு வருவதும் அங்கேதான். காலம் தவறாமல் எடுப்பது ஓர் உயிரைக் காப்பது.

3. நிறைந்ததா என்று சந்தேகம் வந்தால் கோல் வைத்துப் பாருங்கள். நீளமான மூங்கில் கழியின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். ஆய்வு மூடியைத் திறந்து, அரை மணி நேரமாவது காற்றாட விட்டு, எட்ட நின்று கழியை அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து மெதுவாகத் தூக்குங்கள். துண்டில் கறுப்பாக அப்பியிருக்கும் உயரம் கசடு. அதற்குமேல் வெறுமனே நனைந்திருக்கும் உயரம் நீர். கறுப்பு, மொத்த உயரத்தில் பாதியை நெருங்கிவிட்டால் லாரிக்குச் சொல்லுங்கள். துண்டைப் புதைத்துவிடுங்கள். கழியை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால், தொட்டிக்கு வெளியே வைத்துக் கழுவுங்கள்.

4. புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் அளவைக் கேட்டு வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470 சொல்லும் குறைந்தபட்ச அளவு இது: நீர் கொள்ளும் அளவு 1000 லிட்டருக்குக் குறையக்கூடாது, அகலம் 75 சென்டிமீட்டர், நீர்மட்டத்துக்குக் கீழே ஆழம் 1 மீட்டர், நீளம் அகலத்தைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம் போதும். சும்மா உறை இறக்கி, அடியைத் திறந்தே விட்ட குழி செப்டிக் டேங்க் ஆகாது. அது கழிவை நேராக நிலத்தடி நீரில் விடும் கிணறு.

5. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போர்வெல்லுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் விடுங்கள். சிறிய மனையில் அது முடியாது என்றால், உறிஞ்சுகுழி வேண்டாம் என்று பொறியாளரிடம் மாற்று வழி கேளுங்கள். பக்கத்து வீட்டின் போர்வெல்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6. காற்றுக் குழாயின் வாயில் கொசு வலை கட்டுங்கள். வீட்டை ஒட்டிய தொட்டி என்றால் குழாய் மாடியைத் தாண்டி 2 மீட்டர் நிற்கட்டும். வலை கிழிந்திருந்தால் தெருவுக்கே கொசு உற்பத்தி செய்து தருவது உங்கள் தொட்டிதான்.

7. மூடி கனமாக, கைப்பிடியோடு, விரிசலின்றி இருக்க வேண்டும். விரிசல் விழுந்த ஸ்லாபை அன்றைக்கே மாற்றுங்கள். விளையாடும் குழந்தை அதன்மேல் கால் வைக்க ஒரு நொடி போதும்.

வீட்டில் செய்யக்கூடாதவை

1. நாப்கின், டயப்பர், துணி, முடி, சிகரெட் துண்டு, பால் கவர், பாக்குப் பொட்டலம் எதையும் கழிவறையில் போடாதீர்கள். இவற்றில் பலவற்றை பாக்டீரியா தொடுவதே இல்லை. லாரியின் குழாயை அடைப்பவையும் இவைதான். கழிவறைக்குள் மூடியுள்ள ஒரு குப்பைக்கூடை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

2. ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடரைத் தாராளமாக ஊற்றாதீர்கள். தொட்டியில் வேலை செய்வது உயிருள்ள பாக்டீரியா. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வாரத்துக்கு ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றும் வீட்டில் செரிமானம் நின்று, கசடு சீக்கிரம் நிறையும். சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். கறை போகவில்லை என்றால் மட்டும் கொஞ்சமாகக் கழிவறைத் திரவம் பயன்படுத்துங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

3. சமையலறை எண்ணெய், இட்லி மாவு கழுவிய நீர், வாஷிங் மெஷின் நீர் இவற்றை செப்டிக் டேங்கில் சேர்க்காதீர்கள். ஒரே வேகத்தில் பாயும் துவைத்த நீர் அடியில் படிந்த கசடைக் கலக்கி உறிஞ்சுகுழிக்குத் தள்ளிவிடும். அதைத் தனிக் குழிக்கோ வாழை மரத்துக்கோ திருப்பிவிடுங்கள்.

4. மாடி மழைநீரை இதில் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மழைநீர்த் தொட்டி வேறு, இது வேறு. இரண்டும் அருகருகே இருக்கவும் கூடாது.

5. 'இந்தப் பொடியைப் போட்டால் டேங்க்கைக் காலி செய்யவே வேண்டாம்' என்ற விளம்பரத்தை நம்பி ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். எந்தப் பொடியும் கசடை மாயமாக்காது.

6. தொட்டியின் வழிநீரைத் தெருக் கால்வாயில் திருப்பிவிடாதீர்கள். கால்வாய் மழைநீருக்கானது. அந்தக் கால்வாய் போய்ச் சேரும் இடம் ஏரியோ ஆறோதான்.

லாரியை அழைக்கும்போது செய்ய வேண்டியவை

1. பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ உரிமம் பெற்ற வண்டியா என்று கேட்டு அழையுங்கள். ஆரணியில் இருப்பவர்கள் பேரூராட்சி அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். சுற்றுக் கிராமத்தினர் பெரியபாளையத்தில் உள்ள எல்லாபுரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம். செப்டிக் டேங்க் தொடர்பான உதவிக்கு 14420 என்ற எண்ணும் இருக்கிறது.

2. 'கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள்?' என்று கேளுங்கள். சரியான பதில், மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அல்லது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்' என்ற பதில் வந்தால் வேறு வண்டியைப் பாருங்கள்.

3. பகலிலேயே வரச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். இரண்டு அறைகளிலிருந்தும் எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

4. அடியில் சிறிதளவு கசடை விட்டுவைக்கச் சொல்லுங்கள். புதிதாக வரும் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவுக்கு அதுவே விதை.

5. வேலை செய்பவர்களுக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். கைகழுவத் தண்ணீரும் சோப்பும் கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போது உங்கள் வீட்டு டம்ளரிலேயே கொடுங்கள்.

6. முடிந்ததும் தேதியைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

லாரியை அழைக்கும்போது செய்யக்கூடாதவை

1. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக உரிமமில்லாத வண்டியைக் கூப்பிடாதீர்கள். அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். டீசல் செலவு செய்து நிலையத்துக்குப் போகாத வண்டி, பக்கத்து ஓடையிலோ தரிசிலோதான் கொட்டுகிறது.

2. 'நம்ம வயலிலேயே விட்டுவிடுங்கள், உரமாகும்' என்று சொல்லாதீர்கள். சுத்திகரிக்காத மலக்கசடில் கொக்கிப்புழு, உருளைப்புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளும் இருக்கும். செருப்பில்லாமல் நாற்று நடுபவரின் கால் வழியாகத்தான் கொக்கிப்புழு உடலுக்குள் ஏறும்.

3. கசடு இறுகிவிட்டது என்றால் ஆளை இறக்கிக் கிளறச் சொல்லாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி, வெளியே நின்று நீளக் கழியால் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகும், கூடுதல் காசும் ஆகும். ஆகட்டும்.

லைன் வீடு, விடுதி, பட்டறை நடத்துவோர் செய்ய வேண்டியவை

1. கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் தேர்வாய் கண்டிகையையும் நம்பி வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் வீடுகளில், ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியை இருபது முப்பது பேர் பயன்படுத்துகிறார்கள். ஆளைக் கணக்கிட்டுத் தொட்டியைப் பெரிதாக்குங்கள். அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் அதற்கு முன்பே கசடை எடுங்கள்.

2. கழிவறையில் எதைப் போடக்கூடாது என்பதைத் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளத்திலும் எழுதி ஒட்டுங்கள். படம் வரைந்து ஒட்டினால் இன்னும் நல்லது. வாடகை வாங்குபவரே குப்பைக்கூடையும் வாங்கி வைக்க வேண்டும்.

3. ஆடியில் தொடங்கிப் பல வாரங்கள் நடக்கும் பெரியபாளையம் பவானி அம்மன் திருவிழாவுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள், கூட்டம் வரும் முன் தொட்டியைக் காலி செய்துவிட்டு, முடிந்த பிறகு ஒருமுறை கோல் வைத்துப் பாருங்கள்.

லைன் வீடு, விடுதி, பட்டறை நடத்துவோர் செய்யக்கூடாதவை

1. பெயின்ட் கழுவிய தின்னர், கிரீஸ், பழைய ஆயில், முலாம் பூசும் அமிலநீர் எதையும் கழிவறை வழியாக விடாதீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும். அதில் வரும் உலோகங்கள் கசடைச் சுத்திகரிக்கும் நிலையத்தையும் கெடுக்கும். அவற்றுக்கான வழி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிகளில் தனியாக இருக்கிறது.

2. துப்புரவை 'கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்' என்று கைகழுவாதீர்கள். உங்கள் இடத்தில் ஆள் இறங்கினால் பொறுப்பு உங்களுக்கும் வரும்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை

1. லாரி வேலையை ஆடி, ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நிலத்தடி நீர் மேலே வந்து, உறிஞ்சுகுழி தண்ணீரை வாங்காது. சேற்றுத் தெருவில் லாரியும் வராது.

2. 2021 நவம்பரில் பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணியாறு பெருக்கெடுத்ததையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் நினைவில் வையுங்கள். ஆற்றங்கரைத் தெருக்களில் மூடியின் விளிம்பைச் சிமென்ட் கலவையால் அடைத்து, வெள்ளநீர் இறங்காமல் பாருங்கள். ஆனால் அடுத்த முறை திறக்க முடியாதபடி காங்கிரீட் போட்டுவிடாதீர்கள்.

3. தெருவில் தண்ணீர் நிற்கும்போது தொட்டியைக் காலி செய்யாதீர்கள். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தில் வெற்றுத் தொட்டி மேலே தூக்கப்படும், சுவர் விரியும். பிளாஸ்டிக் தொட்டி மிதந்தே வந்துவிடும்.

4. வெள்ளம் வடிந்ததும் கிணற்றிலும் போர்வெல்லிலும் குளோரின் போட்டு, நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்கும் நீரைக் கொதிக்க வையுங்கள்.

உயிர் காக்க: எந்த நிலையிலும் செய்யக்கூடாதவை

1. யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் சாவு நேரம்.

2. நெருப்புக் குச்சியோ விளக்கோ காட்டிப் பார்க்காதீர்கள். கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. உள்ளே இருக்கும் மீத்தேன் தீப்பிடித்து வெடிக்கும். மூடி திறந்திருக்கும்போது பீடியும் கூடாது. இறுகிய மூடியைக் கடப்பாரையால் ஓங்கி இடித்துப் பொறி பறக்க விடவும் கூடாது.

3. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அடுத்தவர் இறங்காதீர்கள். ஒரே தொட்டியில் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாக மூன்று உயிர் போவது இப்படித்தான். 101-க்கு அழைத்து மூச்சுக்கருவியோடு தீயணைப்பு வீரர்களை வரவழையுங்கள், 108-க்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை, திறந்த வாயிலிருந்து விலகி நின்று உள்ளே காற்றை ஊதும் ஃபேன் அல்லது புளோயரை, பொறி பறக்காத தூரத்தில் இணைப்புக் கொடுத்து ஓட்டலாம். சுயநினைவு இருந்தால் கயிறு வீசலாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலைக்குத் தடை விதித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரை செப்டிக் டேங்க் வேலைக்கு அமர்த்துவது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்த வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆனால் தண்டனைக்குப் பயந்துதானா ஓர் ஆளை இறக்காமல் இருக்க வேண்டும்? இந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுப் பிள்ளையை இறக்க மாட்டோம் என்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் இறக்கக்கூடாது. நல்ல மனம் இருந்தாலும், பத்து ஆண்டு கவனிக்காத தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அது ஆட்டம் காணும். அந்த நிலைக்கே தொட்டியை விடாமல் இருப்பதுதான் பராமரிப்பின் முழுப் பொருள்.

கடைசியாக எப்போது கசடு எடுத்தீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். யாருக்கும் தேதி நினைவில்லை என்றால் காலம் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியின் இடத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் நிற்கும் பைக்கை நகர்த்துங்கள். திங்கட்கிழமை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் உரிமம் பெற்ற வண்டியைப் பதிவு செய்யுங்கள்.